சாக்பீஸ் கோட்டுக்குள் நின்றவர்

நரசிம்மலுவை நான் முதலில் சந்தித்தது ஒரு டவுன் பஸ்ஸில். சரியாகச் சொன்னால், முதலில் அவர்மேல் போய் விழுந்தேன், பிறகுதான் பார்த்தேன்.

சரவணம்பட்டியில் வேலைக்குச் சேர்ந்து பதினோராம் நாள் அது. புளியம்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைச் சட்டைக்குள் போட மனம் வராமல், நாலு பேர் கண்ணில் படும்படி விட்டுக்கொண்டு திரிந்த நாட்கள். கணபதியில் பஸ் நிரம்பியது. அதைத் தாண்டியதும் ஒரு ஆட்டோ குறுக்கே வர, டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார். நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் முன்னால் சரிந்தோம். நான் சரிந்த இடத்தில் ஒரு குள்ளமான மனிதர் இருந்தார். கட்டடத்தில் மோதியது போலிருந்தது. அவர் எந்தக் கம்பியையும் பிடித்திருக்கவில்லை. ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்குப்போசி, இன்னொரு கை சட்டைப்பையில்.

கண்டக்டர் விழுந்தவர்களை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கத்தினார். "ஏனுங், கம்பியப் புடிச்சு நில்லுங்கன்னு உங்களுக்கு எத்தன தடவ சொல்றது?"

"நான் உழுகுலீங்களே. உழுந்தவங்களப் புடிக்கச் சொல்லுங்க."

"ஒரு நாளைக்கு உழுந்தாத் தெரியும்."

"அன்னைக்கு வந்து கேளுங்க, சொல்றனுங்."

பஸ் சிரித்தது. அவர் என்னைத் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். "ரண்டு காலையும் ஒட்டி வெச்சுட்டு நிக்கறீங்க தம்பி. போஸ்ட் கம்பமாட்ட. பாதத்த அகட்டுங்க. பஸ்ஸு போற தெசைக்குக் குறுக்க நில்லுங்க. பெருவெரல்ல தரையப் புடிங்க. இடுப்ப எறக்குங்க, இன்னும் சித்த." அடுத்த நிறுத்தத்தில் நான் பாதிதான் விழுந்தேன். "பரவால்லைங்," என்றார். "படிச்ச புள்ளைங்களுக்குத் தலையில வெயிட்டு சாஸ்தி. எறங்கறதுக்கு நாளாகும்."

இப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது.

அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. எட்டாவதோடு படிப்பை விட்டவர். வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் கொங்குத் தமிழ். கணபதியில் ஒரு வெட்கிரைண்டர் பட்டறையில் பத்தொன்பது வருடமாக வேலை. செய்து முடித்த கிரைண்டர் ஆடுகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. கிரைண்டரை ஓடவிட்டு அதன் உடம்பின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் வைப்பார். தண்ணீரில் மெல்லிய நடுக்கம் மட்டும் இருந்தால் கல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கமாக அலம்பினால் கல் ஒதுங்கியிருக்கிறது, கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும். அதிர்வுமானியைக் கொண்டு அளந்த இன்ஜினியர்கள் அவரிடம் தோற்றதைப் பட்டறைக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதே டம்ளர்களைத் தன்மீதும் வைத்துக்கொண்டார். காலையில் பட்டறை திறந்ததும், மெஷின்கள் ஓடத் தொடங்கும் முன், பின்பக்கம் குதிரை நிலையில் நிற்பார். பாதங்கள் நன்றாக விலகி, முழங்கால்கள் மடங்கி, தொடைகள் தரைக்குச் சமமாக, கீழே இல்லாத குதிரையின் மேல் உட்கார்ந்தது போல ஒரு நிலை. இரண்டு தொடைமேலும் ஒவ்வொரு டம்ளர், தலையில் ஒன்று. நெஞ்சோடு சேர்த்து அணைத்த கையில் ஒரு குழவிக்கல். சில நாள் வேலைக்குப் போகும் வழியில் இறங்கி நான் எதிரில் நின்று பார்ப்பேன்.

"ஆட்டம் இருக்குதுங்களா தம்பி?"

"எடது பக்கம் அலம்புதுங்ண்ணா."

"மூச்சு நெஞ்சுலயே நிக்குது. அதான்." தொப்புளுக்குக் கீழே மூச்சை இறக்குவார். டம்ளரில் தண்ணீர் அடங்கும். அதை நான் கண்ணால் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

கராத்தே வகுப்புக்கு அவர் முப்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார். அதற்குக் காரணம் மதுக்கரையில் நடந்த ஒரு கல்யாணம். பந்தியில் ஏதோ பேச்சு முற்றி, மச்சினன் ரவிதேஜா விளையாட்டாகவோ வினையாகவோ நெஞ்சில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினான். நரசிம்மலு மல்லாந்து சாம்பார் வாளிமேல் விழுந்தார். வாளியோடு சரிந்து நாலு இலையைக் கலைத்தார். முதுகு வெந்துபோனது. பந்தி முழுக்கச் சிரித்தது. மனைவி பங்காரம்மாவும் சிரித்தார். "சிரிச்சுப்போட்டனுங்க, என்ன பண்றது? நெத்தியில முருங்கக்காயோட எந்திரிச்சா யாருக்குத்தான் சிரிப்பு வராது?" என்று என்னிடமே சொன்னார். மகள் ஹாரிகாவுக்கு அப்போது எட்டு வயது. அவள் மட்டும் அழுதாளாம். அடுத்த வாரம் முதுகில் மருந்து காய்வதற்குள் அவர் சரவணம்பட்டி வகுப்பில் போய் நின்றார். அடிக்கக் கற்றுக்கொள்ள அவர் வரவில்லை. "உழுகாம இருக்கச் சொல்லிக் குடுங்க, அது போதும்" என்று கேட்டாராம்.

வகுப்பு நடப்பது ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடியில். மாஸ்டர் மனோஜ்குமாருக்கு நரசிம்மலுவைவிடப் பதினான்கு வயது குறைவு. நல்ல உயரம், நல்ல பேச்சு, ஐந்து பள்ளிக்கூடங்களில் வாரம் ஒரு வகுப்பு. நிலைதான் எல்லாம் என்பது அவர் பாடம். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துக் குனிந்து ஒவ்வொரு பாதத்தைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போடுவார். பிறகு பின்னாலிருந்து தள்ளுவார், தொடையில் உதைப்பார். ஒரு விரல் நுனி கோட்டைத் தாண்டினாலும் அன்று முழுக்க மூலையில் உட்கார வேண்டும். நானும் எட்டு மாதம் போனேன். பெரும்பாலும் மூலையில்தான் உட்கார்ந்திருந்தேன். மழை வந்து கழுவும் வரை மாடி நிறைய ஆள் இல்லாத பாதங்கள் கிடக்கும்.

நரசிம்மலுவின் கோடு மட்டும் மிதிபடாமல் இருக்கும்.

மூன்றே வருடத்தில் கறுப்புக்கு முந்தைய பிரவுன் பெல்ட் வாங்கினார். அதோடு நின்றுபோனது. அவருக்குப் பின்னால் சேர்ந்த கல்லூரிப் பையன்கள் கறுப்பு பெல்ட் வாங்கிப் போனார்கள். அவரை மட்டும் "அடுத்த தடவ பாக்கலாங்ண்ணா" என்று மாஸ்டர் தள்ளிவைத்துக்கொண்டே வந்தார். ஏன் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பள்ளி ஆண்டு விழாக்களில் மாஸ்டர் காட்டும் வித்தைக்கு நரசிம்மலுதான் சரக்கு. அவருக்கு 'தூண்' என்று பெயர் வைத்திருந்தார். மேடை நடுவில் தூண் நிற்கும். பத்துப் பேர் தள்ளுவார்கள். சைக்கிள் டியூபை இடுப்பில் கட்டி இரண்டு பக்கமும் இழுப்பார்கள். கடைசியில் மாஸ்டர் சவுக்குக் கட்டையை ஓங்கி அவர் தொடையில் அடித்து இரண்டாக முறிப்பார். கைதட்டல் மாஸ்டருக்கு. அடுத்த நாள் தொடை கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும்.

பங்காரம்மா வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்பவர். அந்தத் தொடைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே பேசுவார். "ஊட்டுல ஒரு பல்பு மாத்துங்கன்னா ஸ்டூல் மேல ஏற மாட்டாரு. ஆடுதும்பாரு. இவரு தூணாமுங்."

"ஸ்டூலு நாலு காலு. என்ர காலு ரண்டுதான். கணக்கு வேறம்மிணி," என்பார் அவர்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று பிப்ரவரியில் ஹாரிகா படித்த பள்ளியிலேயே ஆண்டு விழா. மாஸ்டர் அங்கும் வகுப்பு எடுத்தார். தூணைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் டியூப் இழுக்கப் போயிருந்தேன்.

மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "யார் வேணா வரலாமுங்! எங்க தூண அசைச்சுக் காட்டுனாப் பரிசு!" முதலில் அப்பாக்கள் வந்தார்கள். சிரித்துக்கொண்டே தள்ளினார்கள், பிறகு சிரிக்காமல் தள்ளினார்கள். அதன் பின் பையன்கள். ஹாரிகாவின் வகுப்புப் பையன் ஒருவன் மேடைக் கோடியிலிருந்து ஓடிவந்து ஷூ காலால் முட்டிக்குப் பக்கத்தில் உதைத்தான். "பத்தலயே கண்ணு! காத்தால டிபன் சாப்புடுலியா?" என்றது மைக். பையன் திரும்பவும் ஓடிவந்தான். மூன்றாவது தடவை வேறொரு பையனும் கூட வந்தான். கூட்டம் எண்ணிக்கொண்டு கத்தியது. நரசிம்மலு எதிரே ஒரு புள்ளியைப் பார்த்தபடி நின்றார். ஹாரிகா மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவள் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் கேட்டதை அவரே என்னிடம் சொன்னார்.

"எல்லாருமே உங்கள அடிச்சாங்க. நீங்க ஒருத்தரயும் அடிக்கலயேப்பா?"

"அது நெலைம்மா. நெலைன்னா அப்படித்தான்."

"பஞ்சிங் பேக் உங்கப்பாவான்னு கேக்கறாங்கப்பா. நான் நாளைக்குப் போகமாட்டேன்."

பிறகு, அதே விழாவில் நடந்த இன்னொன்றைச் சொன்னார். தாளாளர் அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "வாரம் ஒரு நாள் வந்து போற மாஸ்டர் எங்களுக்குப் பத்தலைங்க. முழு நேரத்துக்கு ஒரு ஆள் வேணும். கறுப்பு பெல்ட் மட்டும் காட்டுங்க, ஜூன்ல சேந்துக்கலாம்."

"தம்பி, அந்தப் பசங்களே என்னைய மாஸ்டர்னு கூப்புடோணும்," என்றார். "உதைச்சானே, அவன் எந்திரிச்சு நின்னு வணக்கம் சொல்லோணும். ஹாரிகா அதக் கேக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாமுங்."

எனக்கு அது புரிந்தது. எங்கள் ஊர் டீக்கடையில் என் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள், நான் பட்டம் வாங்கிய பிறகு "பையன் எப்படி இருக்காருங்க" என்று விசாரிக்கிறார்கள். அந்த ஒரு 'ருங்க'வுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

பள்ளி வேலையைச் சொல்லி அவர் மாஸ்டரிடம் பெல்ட் கேட்கும்போது நானும் கூட நின்றேன். மாஸ்டர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தூண் நடந்து போயிருச்சுன்னா கட்டடம் என்னாகறதுங்ண்ணா?"

"அஞ்சு வருசமாச்சுங் மாஸ்டர்."

"அந்த ஸ்கூலு என்ர ஸ்கூலுங்ண்ணா. தெரியுமல்லோ?"

"தெரியுமுங். நீங்க வார கெழமையில நீங்களே எடுங்க. மத்த நாளைக்கு நான்..."

மாஸ்டர் அப்போதுதான் நிமிர்ந்தார். சிரித்தார். "சரி. ஏப்ரல்ல சேலத்துல இருந்து ரண்டு எக்ஸாமினர் வாராங்க. நில்லுங்க. உங்களுக்குக் கட்டா அடவு, சண்டை எல்லாம் வேண்டாம், வயசாச்சு. நெலை மட்டும்தான். கோட்டுக்குள்ள கடைசி வரைக்கும் நின்னுட்டீங்கன்னா பெல்ட்டு உங்குளுது. ஒரு வெரலு வெளிய வந்துதுன்னா இனிமே என்கிட்டக் கேக்கக் கூடாது."

நரசிம்மலு அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார். நிற்பது ஒன்றுதானே பரீட்சை. அதில் அவரை யார் வெல்ல முடியும்?

இரண்டு மாதம் அவர் செய்த பயிற்சிகளைப் போல் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பட்டறைப் பின்பக்கத்தில் சிமெண்டுத் தரையில் ரெண்டு படி புளியங்கொட்டையைப் பரப்பி, வெறுங்காலோடு அதன்மேல் குதிரை நிலையில் நிற்பார். பாதத்துக்குக் கீழே ஒவ்வொரு கொட்டையும் உருளப் பார்க்கும். உருளவிடாமல் விரல்களால் கவ்விக்கொள்வார். செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி அதன்மேல் நிற்பார். கண்ணைக் கட்டிக்கொண்டு, எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாமல், என்னைத் தள்ளச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும் பஸ்ஸில் நின்றபடி போய்த் திரும்புவார், பிரேக்குக்காகவே.

மார்ச் கடைசியில் ஒரு காலை, கொட்டைமேல் நிற்கும்போது இடது முழங்காலுக்குள் எதுவோ சொடுக்கியது. எனக்கே கேட்டது. டம்ளர் தண்ணீர் தொடையில் கொட்டியது. மதியத்துக்குள் முட்டி வீங்கிவிட்டது. நான்தான் பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண் யுஸ்ரா, என் வயதுதான் இருப்பார். காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, உள்பக்க ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, மூன்று மாதம் அடி படவே கூடாது என்றார். அப்புறம் அவரை எழுப்பி நிறுத்தி, தோளில் லேசாகத் தள்ளினார். நரசிம்மலு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினார். அசையவில்லை.

"ஏனுங்ண்ணா, தள்ளுனாக் கால எடுத்து வெக்க மாட்டீங்களா?"

"மாட்டனுங்."

"வெக்கோணுமுங். சின்னக் கொழந்தைக்கும் தெரியும் அது. தாங்க முடியாத தள்ளு வந்தா ஒரு எட்டு எடுத்து வெச்சு நிக்கறதுதான் பேலன்ஸு. ஊனுன கால ஊனுனபடியே வெச்சுட்டிருந்தா எல்லாப் பாரமும் முட்டியிலதான் எறங்கும். இப்பவே பழகுங்க. நான் தள்ளறேன், நீங்க எடுத்து வையுங்க."

பத்துத் தடவை தள்ளினார். பத்துத் தடவையும் நரசிம்மலு நின்ற இடத்திலேயே நின்றார். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டு, "ஏப்ரல் முடியட்டுமுங், வந்து பழகிக்கறேன்," என்றார்.

இங்கே நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். யுஸ்ராவிடம் ஒரு கடிதம் வாங்கினேன். எந்தக் கால், எந்த ஜவ்வு, எத்தனை வாரம் என்று தெளிவாக, முத்திரையோடு. பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் நரசிம்மலுவுக்குத் தெரியாமல் மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தில் கொடுத்தால் கேட்பார்கள் என்பது படித்தவன் புத்தி. மாஸ்டர் இரண்டு தடவை படித்தார். நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நல்லவேளைங், சொன்னீங்க," என்றார்.

ஏப்ரல் ஞாயிறு, காலை பத்து மணி. மாடித் தரை அப்போதே சுட்டது. எக்ஸாமினர்கள் இருவரும் குடைக்குக் கீழே இளநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளின் பெற்றோர் ஐம்பது அறுபது பேர். பங்காரம்மா பட்டுச் சேலையில் வந்திருந்தார். ஹாரிகா அப்பாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். ஜவ்வு கிழிந்த சங்கதி அவர்கள் இருவருக்குமே தெரியாது.

மாஸ்டர் குனிந்து கோடு போட்டார். வழக்கத்தைவிட அழுத்தி, இரண்டு சுற்று.

இருபது நிமிடம் டம்ளரோடு நின்றார். ஒரு சொட்டு சிந்தவில்லை. டியூபைக் கட்டி நாங்கள் நாலு பேர் இழுத்தோம். ஆறு பேர் தள்ளினார்கள். வலது தொடையில் சவுக்குக் கட்டை முறிந்தது. எக்ஸாமினர்களில் ஒருவர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். நெற்றியிலிருந்து வழிந்த வேர்வை நரசிம்மலுவின் மூக்கு நுனியிலிருந்து ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

"கடைசி ஒண்ணு," என்றார் மாஸ்டர். "மூணே மூணு கிக்கு. பவன், வா."

பவன் இருபத்திரண்டு வயதுப் பையன். ஜிம்மில் காய்ச்சிய உடம்பு, போன வருடம்தான் கறுப்பு பெல்ட் வாங்கியவன். மாஸ்டர் அவன் காதருகே சொன்னது ஒரே வார்த்தை. டியூபைப் பிடித்தபடி நான் இரண்டு முழ தூரத்தில் நின்றேன். எனக்கும் கேட்டது: 'லெஃப்ட்'.

பிறகு மாஸ்டர் நரசிம்மலுவிடம் வந்தார். வியர்வையைத் துடைத்துவிடுவது போல் துண்டை அவர் முகத்தில் ஒற்றிக்கொண்டே பேசினார்.

"அண்ணா, எடது முட்டி போயிருச்சுன்னு எனக்குத் தெரியும். வலிச்சா ஒரு எட்டு எடுத்து வெச்சுக்குங்க. ஒண்ணும் கொறஞ்சு போயிராது. எப்பவும்போல பிரவுன்லயே இருந்துக்கலாம்."

நரசிம்மலு என்னைப் பார்த்தார். யார் சொல்லியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஹாரிகாவைப் பார்த்தார்.

"அடிக்கச் சொல்லுங்க மாஸ்டர்," என்றார்.

முதல் உதை முட்டியின் பக்கவாட்டில் விழுந்தது. உதடு மட்டும் வெளுத்தது. இரண்டாவதில் இடுப்பு ஒரு கணம் உயர்ந்து, திரும்ப இறங்கியது. பவன் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தான். மாஸ்டர் தலையாட்டினார். மூன்றாவது உதைக்கு ஈரத்துணியை உதறியது போல் ஒரு சத்தம் வந்தது. முழங்கால், முழங்கால் போகக் கூடாத பக்கமாக, உள்ளே வளைந்தது. பாதம் கோட்டுக்குள்ளேயே இருந்தது.

மாஸ்டர் மண்டியிட்டு, விரலால் கோட்டைச் சுற்றித் தடவிப் பார்த்தார். எக்ஸாமினரும் வந்து குனிந்து பார்த்தார். முட்டியை இருவருமே பார்க்கவில்லை.

"கோடு அழியலீங். பாஸ்," என்றார் எக்ஸாமினர்.

கைதட்டல். கறுப்பு பெல்ட்டை மாஸ்டரே கொண்டுவந்து அவர் இடுப்பில் கட்டினார். நரசிம்மலு இன்னும் குதிரை நிலையில்தான் இருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. "இப்ப நகரலாங்ண்ணா," என்றார் மாஸ்டர்.

அவர் வலது காலைத் தூக்கினார், இடது கால் தாங்கவில்லை. அப்படியே முன்னால் சரிந்து, மாஸ்டரின் காலடியில் நெஞ்சு பட விழுந்தார். கை இரண்டும் முன்னால் நீண்டுவிட்டன. பெல்ட் வாங்கியவர் குருவின் காலில் விழுகிறார் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. முன்னிலும் பலமாகத் தட்டினார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். மனோஜ்குமார் ஒரு கணம் கீழே பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு குனிந்து அவர் தலைமேல் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். அதைப் படமும் எடுத்தார்கள்.

முதலில் எழுந்து ஓடிவந்தது ஹாரிகாதான். அப்பா அப்படி விழ மாட்டார் என்று அவளுக்குத்தான் தெரியும்.

மாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாலு பேர் கீழே இறக்கினோம். படி வளைவில் நாற்காலி சுவரில் இடித்தபோது ஒரு தடவை மட்டும் கத்தினார். ஆபரேஷனில் இரண்டு ஜவ்வை ஒட்டவைத்தார்கள். மூன்றாவதை ஒட்ட முடியவில்லை. முழங்கால் இனி முழுதாக மடங்காது, மடங்கினால் தாங்காது என்றார் டாக்டர்.

நான் மாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "நான்தான் எடுத்து வெக்கச் சொன்னேனே? நீங்களும் பக்கத்துல நின்னு கேட்டீங்கல்ல? வெக்காதது யாரு தப்புங்க?" என்றார். அன்றோடு வகுப்பை விட்டேன்.

ஜூனில் நரசிம்மலு ஊன்றுகோலோடு, சர்ட்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். தாளாளர் அவருக்குக் காபி வரவழைத்தார். சர்ட்டிபிகேட்டைக் கையில் வாங்கி முழுக்கப் படித்தார். "எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. ஆனா பிள்ளைகளுக்கு ஓடிக் காட்டோணும், நின்னு காட்டோணும் இல்லீங்களா?" என்றார். அந்த வேலைக்கு மனோஜ்குமார் ஏற்கெனவே பவனை அனுப்பிவைத்திருந்தார். திரும்பி வரும்போது மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக எழுந்து பவனுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷூ காலால் உதைத்த பையன் முதல் வரிசையில் நின்றான்.

பங்காரம்மா அன்று பந்தியில் தள்ளிய ரவிதேஜாவைத் திட்டினார், மாஸ்டரைத் திட்டினார், என்னைத் திட்டினார். "லெட்டரு குடுத்தீங்களாமா லெட்டரு! எந்தக் காலுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. படிச்சவியளுக்கு வேற வேலையே இல்லீங்களா?" நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நரசிம்மலு மட்டும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் நானே கேட்டேன். "மூணாவது கிக்குக்குக் கால எடுத்து வெச்சிருக்கலாமேங்ண்ணா?"

முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"வெக்கலாம்னுதான் தம்பி நெனச்சேன். ரண்டாவது உழுந்தப்பவே, போதும், பெல்ட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு ஆயிப்போச்சு. எடுத்து வெய்யின்னு காலுக்குச் சொன்னேன். அதுக்குத் தெரியுலீங். அஞ்சு வருசமா நிக்கத்தானே பழக்குனேன்? எடுத்து வெக்க எங்க பழக்குனேன்?"

மனோஜ்குமாரின் வகுப்பு இப்போது இரண்டு மாடிகளில் நடக்கிறது. சரவணம்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார். அதில் நரசிம்மலு கறுப்பு பெல்ட்டோடு குதிரை நிலையில் நிற்கிறார். இடது முழங்கால் தெரியாதபடி அந்த இடத்தில் போன் நம்பரைப் போட்டிருக்கிறார்கள். 'கால் முறிந்தும் கோடு தாண்டாதவர், எங்கள் மாணவர்' என்று கீழே எழுதியிருக்கிறது. அட்மிஷன் நடந்துகொண்டிருக்கிறது.

ஹாரிகா பத்தாவது முடித்துவிட்டு வேறு பள்ளியில் பதினொன்றாவது படிக்கிறாள். நரசிம்மலு கணபதியில் அதே பட்டறையில் இருக்கிறார். கிரைண்டர்களைத் தூக்கி வைக்க வேறு ஆள் போட்டிருக்கிறார்கள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டம்ளரில் தண்ணீரைப் பார்த்து, ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்று சொல்கிறார். பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகள் இருக்கையில் உட்கார்ந்து, முன்னால் உள்ள கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.